இடது தோளில் ஒரு பெல்ட்

அத்தியாயம் 6

"சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள என் வீட்டுக்காரர் தானா ஸ்டேஷனுக்கு வரலைன்னா, வீட்டுக்கே வந்து இழுத்துட்டுப் போவோம்னு சொல்லிட்டாங்கம்மா" என்றாள் அந்தப் பெண். குரல் உடைந்தது. ஆனால் கையில் இருந்த உறையை மட்டும் கசங்காமல் பிடித்திருந்தாள். நகல் எடுக்கும் கடையில் வேலை. காகிதத்தைக் கசக்க அவளுக்கு மனசு வராது.

சுவர்க் கடிகாரம் பதினொன்றைக் காட்டியது.

மேடம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மேடம் என்றால், இருபத்திரண்டு வருடம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து, ஓய்வுபெற்ற கையோடு துப்பறியும் அலுவலகம் திறந்தவர். "லைப்ரரிக்குத்தான் போனேன் மேடம்" என்று ஆயிரம் தடவை கேட்டுப் பழுத்த காது அவருடையது.

அவருடைய உதவியாளன் ஜன்னலோரம் நின்றிருந்தான். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவன் லொள்ளு. முப்பத்துநாலு வயது. மேடத்தின் பழைய காரை ஓட்டுவது, டீ வாங்குவது, கேட்காத இடத்தில் ஜோக் அடிப்பது ஆகியவை அவன் வேலைகள். முதல் இரண்டுக்கு மட்டும்தான் சம்பளம்.

"ஏம்ப்பா, கொளுத்துற வெயில்ல எதுக்கு இந்தக் கோட்டு?" என்று மேடம் இன்று காலையிலும் கேட்டிருந்தார்.

"துப்பறியறவனுக்கு ஒரு கெத்து வேணாமா மேடம்?"

அது பொய். கழுத்து வரை பொத்தான் போட்ட அந்தக் கோட்டுக்குள் வேறு காரணம் இருந்தது. அதை அவனே அவிழ்ப்பான். நாம் அவசரப்படுத்த வேண்டாம்.

வந்தவளின் கணவன் ஒரு மெத்தை கம்பெனியில் டிரைவர். பட்டப்பெயர் 'பெல்ட்'.

"ஷெட்டுக்குள்ள வண்டியை ரெண்டடி பின்னால எடுக்கணும்னாக்கூட சீட் பெல்ட் போடுவார்மா. கூட வர்றவங்க போடலைன்னா சாவியைத் திருப்ப மாட்டார். ஆபீஸே கேலி பண்ணும். இப்ப அந்தப் பேராலேயே மாட்டிக்கிட்டார்."

முந்தாநாள் மதியம் இரண்டேகால் மணிக்கு, கம்பெனி கார் சிவப்பு விளக்கைத் தாண்டிப் பாய்ந்து, சைக்கிளில் போன தபால்காரரை இடித்துத் தள்ளி, விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றிருக்கிறது. தபால்காரருக்குக் கால் முறிந்துவிட்டது. ஓட்டியவன் இறங்கி ஒரே ஓட்டம். கார் சாவி ஆபீஸ் ஆணியில் தொங்குவது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஸ்டீயரிங்கில் கம்பெனி மொத்தத்தின் கைரேகையும் இருந்தது.

"சிக்னல் கேமராவுல இது விழுந்திருக்கு. போலீஸ் கொடுத்த பிரதியை நான் பெரிசாக்கி எடுத்துட்டு வந்தேன்."

படத்தில் வெயில் தடுப்புப் பலகை முகத்தை மறைத்திருந்தது. பக்கத்து சீட் காலி. தெரிந்ததெல்லாம் கம்பெனி ஆட்கள் எல்லோரும் போடும் வெள்ளைச் சட்டை, அதன் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை.

"இந்த ஆபீஸ்ல பெல்ட் போடுறது யாருன்னு இன்ஸ்பெக்டர் கேட்டாராம். எல்லாக் கையும் இவரைக் காட்டியிருக்கு."

"அந்த நேரத்துல அவர் எங்க இருந்தார்?"

"சாப்பிட்டுட்டு கோடவுன்ல மெத்தை மேல படுத்துத் தூங்கிட்டிருந்தார். தனியா."

"மெத்தை கம்பெனியில தூங்கினா அது தரப் பரிசோதனை ஆச்சே" என்றான் லொள்ளு.

யாரும் சிரிக்கவில்லை. மேடம் அவனைப் பார்த்த பார்வையில் அவன் காலண்டரைப் படிக்கத் தொடங்கினான்.

"ஆபீஸ்ல யாராவது அவருக்காகப் பேசினாங்களா?"

"முதலாளி, மேனேஜர் ரெண்டு பேரும் வாயைத் திறக்கல. முதலாளியோட மச்சான் ஒருத்தர் மட்டும்தான் இரக்கப்பட்டார். 'சிரிப்பு மச்சான்'னு பேரு. எழவு வீட்டுக்குப் போனாலும் சிரிச்சிடுவார்னு சொல்வாங்க. அவரே ரெண்டு நாளா சிரிக்கலைன்னா பாத்துக்குங்க."

மேடம் எழுந்தார். கைப்பையை எடுத்து வாரைக் குறுக்காக மாட்டினார். கழற்றி மறுபக்கம் மாட்டினார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் மாற்றினார்.

"லொள்ளு, கீழ போய் வண்டியில உக்காரு. டிரைவர் சீட்ல."

காரின் முன்கண்ணாடிக்கு எதிரே படத்தோடு நின்றுகொண்டு மேடம் கட்டளையிட்டார். "பெல்ட்டைப் போடு."

லொள்ளு இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். பெல்ட் வெளியே வருவதற்கு முன்னால் ஒரு பிஸ்கட் உறையும், காய்ந்த அந்துப்பூச்சி ஒன்றும், போன வருடத்துப் பார்க்கிங் சீட்டும் வந்தன.

"பத்திரமா மடிச்சு வெச்சிருந்தேன் மேடம்" என்று அசடு வழிந்தான்.

"அது எங்கேருந்து வருது?"

"கதவோரத் தூண்லேருந்து."

"எந்தத் தோள் வழியா?"

"வலது. இடது இடுப்புகிட்ட மாட்டுது."

"இப்ப இதைப் பாரு."

பார்த்தான். படத்தில் பட்டை இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு இறங்கியது. இரண்டு சீட்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத வெற்றிடத்திலிருந்து ஒரு பெல்ட் முளைத்திருந்தது.

"படம் பக்கம் மாறி விழுந்திருக்குமோ?"

"நம்பர் பிளேட் நேராத்தானே இருக்கு? பெல்ட்டை மாத்திப் போட முடியாதுப்பா. மாத்தித் தைக்க முடியும்."

லொள்ளு கோட்டின் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"ஓட்டினவன் பெல்ட்டே போடல" என்றார் மேடம். "போலீஸை ஏமாத்த சட்டையில கறுப்பு வார் தைச்சிருக்கான். இவ வீட்டுக்காரருக்கு எதுக்கு அது? அவர்தான் நிஜத்தையே போடுறவராச்சே. ஆனா இன்ஸ்பெக்டர்கிட்ட தோளை மட்டும் காட்டினா ஆகாது. சட்டையைக் காட்டணும், உள்ள இருந்த ஆளையும் காட்டணும். இதைத் தைக்கிற டெய்லரை அஞ்சு மணிக்குள்ள எப்படிப் பிடிக்கிறது?"

ஊரில் இருநூறு டெய்லர் இருப்பார்கள் என்று சொல்லி நழுவிவிடலாம். லொள்ளு வாயைக்கூடத் திறந்துவிட்டான். அப்போது அலுவலக வாசலில் நின்ற அந்தப் பெண் கண்ணில் பட்டாள். படம் இல்லாத வெறும் உறையை இன்னும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"எனக்கு ஒரு டெய்லரைத் தெரியும் மேடம். அதாவது, எனக்கில்ல, என் ஃப்ரெண்டோட ஃப்ரெண்டுக்கு."

"அந்த ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு வெயில்ல கோட்டு போடுவானா?"

லொள்ளு பெல்ட்டை விட்டான். அது சர்ரென்று உள்ளே ஓடி ஒளிந்தது. மேடம் வழக்கம்போல் பின்சீட்டில் ஏறி, வழக்கம்போல் நாளிதழை விரித்தார்.

டெய்லர் கடை, பை ரிப்பேர் கடைக்கும் பூட்டு ரிப்பேர் கடைக்கும் நடுவில், ஒரு பீரோ அகலத்துக்கு இருந்தது. டெய்லர் ஏதாவது வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று லொள்ளு வேண்டிக்கொண்டே போனான். டெய்லர் இருந்தார். அதோடு நிற்காமல், வாசலுக்கே வந்து வரவேற்றார்.

"வாங்க வாங்க! ரெண்டாவது சட்டையா? முதல் சட்டை வார் பிரியலியே?"

லொள்ளு கூரையைப் பார்த்தான். மேடம் அவனைப் பார்க்கவே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இந்தச் சட்டையை ஏங்க இடது தோள்லேருந்து தைக்கிறீங்க?" என்று மேடம் படத்தை நீட்டினார்.

"பெல்ட் அங்கேருந்துதானே வரும்?"

"நீங்க வண்டி ஓட்டுவீங்களா?"

"எங்கேம்மா! வாழ்க்கையில ஒரே தடவைதான் கார்ல போயிருக்கேன். டிரைவர் பக்கத்துல உக்காந்துட்டுப் போனேன். எனக்கு இந்தத் தோள் வழியாத்தான் வந்துச்சு. அளவு எடுக்கிற கண்ணாச்சே, அப்படியே மனசுல குறிச்சு வெச்சுக்கிட்டேன்."

"இதுவரைக்கும் எத்தனை சட்டை?"

"பதினொண்ணு."

"ஒருத்தர்கூட வந்து, பக்கம் தப்பா இருக்குன்னு சொல்லலியா?"

"ஒருத்தரும் சொல்லலியே! ரொம்ப நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க."

மேடம் சிரித்துவிட்டார். "அவங்களுக்கு எப்படித் தெரியும்? பதினொரு பேர்ல நிஜ பெல்ட்டைப் போட்டுப் பாத்தவன் ஒருத்தனும் இல்ல."

அந்தப் பதினொரு பேரில் ஒருவனுக்குக் காது மடல் சூடாகியது. எட்டு மாதமாக அவன் அந்தச் சட்டையைப் போடுகிறான். எந்தத் தோள் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

"மெத்தை கம்பெனியிலேருந்து யாராவது தைச்சாங்களா?"

"ஓ! முதலாளி, அவர் மச்சான், மேனேஜர். மூணு பேரும் ஒண்ணா வந்து ஆளுக்கு ஒண்ணு தைச்சுட்டுப் போனாங்க."

லொள்ளு தலையில் கை வைத்தான். ஒருத்தனைப் பிடிக்க வந்தால் மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் வேறொரு வேலையாக வெளியே போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்து, டெய்லர் சொன்னதைச் சொன்னதில் மதியம் போய்விட்டது. "மூணு பேர்ல யாருன்னு சொல்லுங்க, அப்புறம் பேசலாம். அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான்" என்று அவர் சொல்லிவிட்டார். மெத்தை கம்பெனிக்குள் இவர்கள் நுழையும்போது மணி நாலு.

விற்பனைக் கூடம் முழுக்க மெத்தைகள். முதலாளி ஒன்றில் புதைந்து உட்கார்ந்திருந்தார். தொந்தி மட்டும் மேலே மிதந்தது. மேனேஜர் இன்னொன்றின் ஓரத்தில், தேர்வு எழுத வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். மச்சான் மட்டும் முதுகை நேராக வைத்துக்கொண்டு ஒரு மர ஸ்டூலில் இருந்தார். எல்லோரும் புதுச் சட்டை.

"வார் தைச்ச சட்டையா?" என்றார் முதலாளி. "இருந்துச்சு. கிழிஞ்சு போச்சு."

"என்னோடது துவைக்கப் போட்டிருக்கு" என்றார் மேனேஜர்.

"எனக்கு அது பிடிக்கல. யாருக்கோ கொடுத்துட்டேன்" என்றார் மச்சான், மெதுவாக.

"முந்தாநாள் ரெண்டேகாலுக்கு?"

முதலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தார். மச்சான் தலைவலி என்று வீட்டுக்குப் போயிருந்தார். யாருக்கும் சாட்சி இல்லை.

"அந்த டிரைவர் கெட்டவன் இல்லம்மா. ஆனா எங்க மூணு பேர்ல எவனும் ஜென்மத்துல பெல்ட் போட்டதில்ல, ஊருக்கே தெரியும்" என்றார் முதலாளி, ஏதோ பட்டம் வாங்கியவர்போல.

மேடத்தின் பேனா கைதவறி மச்சானின் காலடியில் விழுந்தது. பக்கத்திலேயே கிடந்த அதை எடுக்க மச்சான் குனியவில்லை. காலால் நைசாக மேனேஜர் பக்கம் தள்ளிவிட்டார். மேடம் லொள்ளுவின் பக்கம் சாய்ந்தார்.

"சிரிக்க வை."

"என்னது?"

"ஜோக் சொல்லு. இவங்க எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிக்கணும்."

"எட்டு மாசமா வாயை மூடுன்னு சொன்ன நீங்களா மேடம்?"

"இன்னிக்கு ஒரு நாள் தொற."

வாழ்நாளில் முதல் தடவையாக யாரோ அவனை ஜோக் சொல்லச் சொல்கிறார்கள். தரப் பரிசோதனை ஜோக்கை எடுத்துவிட்டான். முதலாளி கொட்டாவி விட்டார். யானை ஒன்று மெத்தை வாங்க வந்த கதையைச் சொன்னான். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு பத்து. இங்கே ஜோக் செத்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு மனிதன் சட்டை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான்.

லொள்ளு கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

உள்ளே வெள்ளைச் சட்டை. இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை, கறுப்பு வார். முதலாளியின் கண் விரிந்தது.

"நானும் உங்க ஆளுதாங்க" என்றான். "அதே டெய்லர். இதைப் போட்டுட்டு முதல் நாள் சிக்னல்ல நின்னேன். போலீஸ்காரர் என்னைப் பாத்து தலையாட்டினார். ஜெயிச்சுட்டோம்டான்னு பெட்ரோல் பங்க்ல இறங்கி டயருக்குக் காத்து பிடிச்சிட்டிருக்கேன், பின்னாலேயே அதே போலீஸ்காரர். என்னை ஏற இறங்கப் பாத்தார். 'தம்பி, நீங்க வண்டியை விட்டு இறங்கிட்டீங்க, தெரியுமா?'ன்னார். 'ஆமா சார்'னேன். 'உங்க பெல்ட்டுகிட்ட யாரும் சொல்லல போலிருக்கு'ன்னார்."

முதலாளியின் தொந்தி லேசாக அசைந்தது.

"அன்னிக்கு வாங்கினதுதான் இந்தக் கோட்டு. ஒரு ஓட்டல்ல வேர்வை தாங்காம கழட்டி வெச்சேன். சர்வர் வந்தார். சட்டையைப் பாத்தார். காதுகிட்ட குனிஞ்சு, 'சார், எங்க சாப்பாட்டைப் பத்தி வெளிய யாராவது ஏதாவது சொன்னாங்களா?'ன்னு கேட்டார்."

முதலாளி வெடித்துவிட்டார். மேனேஜருக்கே மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. மச்சான் உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே சுழலும் மின்விசிறியை உற்றுப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அதோட விட்டுதா? என் பொண்டாட்டி இதைத் துவைச்சு மொட்டை மாடியில காயப் போட்டா. சாயந்தரம் காத்து. எல்லாத் துணியும் கொடியில அப்படியே இருக்கு, இது மட்டும் பறந்து போய் அடுத்த வீட்டு வாசல்ல விழுந்துடுச்சு. அந்தம்மா கொண்டுவந்து கொடுத்துட்டு, ரொம்ப அக்கறையா கேக்கறாங்க: 'ஏங்க, பெல்ட் போட்டிருந்துச்சே, அப்புறம் எப்படிங்க விழுந்துச்சு?'"

முதலாளி மெத்தையில் மல்லாந்து உருண்டார். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஐயோ, ஐயோ" என்றார். மச்சான் இரண்டு விநாடி தாக்குப்பிடித்தார். மூன்றாவது விநாடி, இரண்டு நாள் அடைத்து வைத்திருந்த சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. "ஹெஹ்..." என்று தொடங்கி "ஐயோ அம்மா!" என்று முடிந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து சரிந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

கூடத்தில் சிரிப்பு நின்றது.

"விலா எலும்பு" என்றார் மேடம். "பெல்ட் போடாம கம்பத்துல மோதினா நெஞ்சு நேரா ஸ்டீயரிங்லதான் போய் அடிக்கும். எழவு வீட்ல சிரிக்கிறவர் ரெண்டு நாளா சிரிக்கலைன்னு அந்தப் பொண்ணு காலையிலேயே சொல்லிட்டா. பாவம், அவ அதை இரக்கம்னு நினைச்சுட்டா."

மச்சானுக்குப் பேசக்கூட மூச்சு வரவில்லை. "ரெண்டரை ஷோ... சினிமாவுக்கு லேட்டாயிடுச்சு. தபால்காரரைப் பாக்கவே இல்ல. பயந்துட்டேன் மாமா. ஆஸ்பத்திரிக்குப் போனா கேப்பாங்கன்னு போகல. சட்டை வீட்டுப் பரண் மேல இருக்கு."

"அவன் பேரை ஏண்டா சொன்னே?" என்று முதலாளி கத்தினார்.

"எல்லாரும் கையைக் காட்டினீங்க. நானும் காட்டினேன்."

முதலாளி தன் கையைப் பார்த்தார். அந்தக் கைகளில் ஒன்று அவருடையது.

மேடம் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். "நாலரைக்கே ஆள் கிடைச்சாச்சு சார். ஆனா ஸ்டேஷனுக்கு இல்ல, ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார்.

வாசலில் நிழல் ஆடியது. டிரைவர் பெல்ட்டும் அவர் மனைவியும். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் கோடவுன் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போக வந்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவள் அப்படியே ஒரு மெத்தையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெல்ட், தரையில் முனகிக்கொண்டிருந்த மச்சானைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒல்லியான, சாதுவான மனிதர். பிறகு குனிந்து, அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கினார்.

"வண்டியை நான் எடுக்கிறேன். இப்படியே விட்டா நுரையீரல்ல குத்திடும்."

கம்பெனி வேனில் மச்சானைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார்கள். பெல்ட் தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, சாவியில் கை வைத்து, அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எடுங்கண்ணே... வலி உயிர் போகுது."

"போடுங்க."

"அண்ணே, நெஞ்சுல பட்டாலே..."

"போட்டாத்தான் எடுப்பேன். தெரியுமில்ல?"

சொல்லிவிட்டு, பின்னாலிருந்து ஒரு சின்னத் தலையணையை எடுத்து மச்சானின் நெஞ்சுக்கும் வாருக்கும் நடுவே வைத்து, தானே மாட்டிவிட்டார். அது மச்சானின் இடது தோள் வழியாகத்தான் வந்தது. அந்த சீட்டுக்கு அதுதான் சரியான தோள். லொள்ளு வேனின் கதவை மெதுவாகச் சாத்தினான். ஜோக் எதுவும் வரவில்லை.

காருக்குத் திரும்பினான். வலது தோளுக்கு மேல் கை நீட்டி பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். இந்தத் தடவை ஒரே இழுப்பில் வந்துவிட்டது. தைத்த வாரும் நிஜ வாரும் நெஞ்சில் பெருக்கல் குறி போட்டன.

"என் சட்டை விஷயம் உங்களுக்கு எப்ப மேடம் தெரியும்?"

"முதல் வாரமே. நீ கோட்டைத் திறந்துவிட்டு ஓட்டுறப்ப, முன்னாடி போற தண்ணி லாரியோட பளபளா பின்பக்கத்துல தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

பின்சீட்டில் நாளிதழ் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

முன்னால் நின்ற வேன் நகரவில்லை. பெல்ட் இறங்கி இவர்கள் காரை நோக்கி வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று லொள்ளு கண்ணாடியை இறக்கினான். அவர் குனிந்து லொள்ளுவின் நெஞ்சைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு பார்வை பின்சீட்டுக்குப் போனது.

"மேடம்?"

நாளிதழ் மெல்லக் கீழே இறங்கியது. மேடத்தின் கை சீட் உறைக்கு அடியில் துழாவியது. இந்தக் கார் வாங்கிய நாளிலிருந்து அந்தப் பக்கத்துப் பெல்ட் உறைக்குள்ளேதான் கிடந்தது. இருபத்திரண்டு வருடம் பொய்களைப் பிடித்தவரின் முகத்தில், லைப்ரரிக்குப் போகாத பெண்ணின் முழி.

"லொள்ளு..."

"சொல்லுங்க மேடம். பன்னெண்டாவது சட்டைக்கு அளவு சொல்லணுமா?"

"வாயை மூடிட்டு, இந்த உறையைக் கொஞ்சம் தூக்கிப் பிடி."

க்ளிக் என்று சத்தம் கேட்கும்வரை பெல்ட் அங்கேயே நின்றார். அப்புறம்தான் இரண்டு வண்டிகளும் கிளம்பின.